பதினோரு வாசகர்கள்

நாலு வருஷமாக எழுதியும் பூர்ணிமாவின் வலைப்பூவுக்கு ஒரு நாளைக்குப் பதினோரு வாசகர்கள்தான். எப்போதாவது பன்னிரண்டு என்று காட்டும்; மறுநாளே பழையபடி பதினொன்றுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதிலும் ஒன்று அவளே. போட்ட பிறகு எழுத்துப் பிழை பார்க்கப் போவாள் இல்லையா, அது.

வலைப்பூவின் பெயர் ‘பதினேழாவது வார்டு’. எந்த ஊர் வார்டு என்று கேட்காதீர்கள், கவுன்சிலர் சண்டைக்கு வந்துவிடுவார். ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் என்பதோடு விட்டுவிடலாம். அந்த ஊரில் எந்தத் தெருவுக்குத் தினமும் தண்ணீர், எந்தத் தெருவுக்கு வாரத்தில் ஒரு நாள், போன தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்தவர் சாக்கடை ஓரமாக நின்று என்ன சொன்னார், அந்தச் சாக்கடை இப்போது எந்த லட்சணத்தில் இருக்கிறது, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுவாள். தன் பெயரை மட்டும் போட மாட்டாள். அவள் என்ன எம்.எல்.ஏ. வீட்டுப் பெண்ணா? ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. பி.ஏ. படித்ததெல்லாம் அங்கே யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

“இவ்ளோ நீளமா எழுதினா எவன் படிப்பான்? ஒரு நிமிஷம் வீடியோ போடு, ஊரே பாக்கும்” என்பான் கணவன் மதியழகன். நல்லவன்தான், ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. அவன் அப்படிச் சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் அவளுக்கே வெறுத்துவிட்டது. சுவரோடு பேச எதற்கு இத்தனை பாடு? இந்த மாதத்தோடு நிறுத்திவிடலாம் என்று முடிவே செய்துவிட்டாள்.

மதியழகன்தான் அவளைத் தினமும் பைக்கில் கொண்டுபோய் விடுவான். ஒரு நாள் காலையில் கிளட்ச் வயர் அறுந்துவிட்டது. அடித்துப் பிடித்து ஓடி, கம்பெனியின் ஆறாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்தாள். தோலுக்குப் பசை தடவும் பேஸ்டிங் செக்சன் பக்ருன்னிசாம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள். பஸ் ஊரைத் தாண்டியதும் முன்சீட்டில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, போனைப் பார்த்து உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

“கவுன்சிலர் ஐயா, போர் மோட்டார் ரிப்பேராகி இன்றோடு நாற்பத்தோரு நாள். ‘பார்ட்ஸ் சென்னையிலிருந்து வருகிறது’ என்றீர்கள். சென்னை என்ன சிங்கப்பூருக்கு அந்தப் பக்கமா இருக்கிறது?”

பஸ்ஸே சிரித்தது. பூர்ணிமாவுக்குக் குப்பென்று வியர்த்தது. முந்தாநாள் சாயந்திரம் அடுப்படியில் நின்றுகொண்டே தட்டிய வரி அது.

“இன்னாம்மா இது?” என்றாள், தெரியாதவள் போல.

“வார்டு! உனக்குத் தெரியாதா?” பக்ருன்னிசாம்மாவுக்கு ஆச்சரியம். “ஓடற பஸ்ல போனைப் பாத்தா எங்களுக்கெல்லாம் தலை சுத்தி வாந்தி வந்துடும். மெர்சிக்கு மட்டும் ஒண்ணும் ஆகாது. அதான் அவ படிப்பா, நாங்க கேட்டுக்குவோம். ஒம்போது பஸ்லயும் இப்படி ஒரு ஆள் உண்டு. ஆனா எங்க மெர்சி மாதிரி வராது. கவுன்சிலர் வந்தா கவுன்சிலர் குரல்லயே படிப்பா.”

ஒன்பது பஸ், ஒன்பது போன். பூர்ணிமா ஒன்று. பதினோராவது ஆள் கவுன்சிலராகத்தான் இருக்கும். நாலு வருஷமாகப் பதினொன்று, பதினொன்று என்று அவள் வயிறெரிந்ததெல்லாம், பஸ்ஸுக்கு நாற்பத்தைந்து பேர் வீதம் நானூறு பெண்கள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இறங்கும்போது மெர்சியிடம் மெல்லக் கேட்டாள். “யாரு இத எழுதறது?”

“சத்துவாச்சாரில இருக்கற ஒரு வக்கீலு, அக்கா. பெரிய ஆளு. எழுத்தப் பாத்தாலே தெரியுதே” என்றாள் மெர்சி. தையல் லைனில் கான்ட்ராக்டில் இருப்பவள், இருபத்துமூன்று வயது. அப்படி ஒரு நிச்சயம் அந்தக் குரலில்.

மறுநாளிலிருந்து பூர்ணிமா பைக்கில் ஏறவில்லை. எழுத்தும் மாறியது. காதில் கேட்கிறவர்களுக்கு என்று தெரிந்த பிறகு யாராவது நீட்டி முழக்குவார்களா? சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினாள். அடுத்த வாரம் வேலை முடிந்து திரும்பும்போது, ஆறாம் நம்பர் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் வார்டு ஆபீஸ் வாசலில் இறங்கி நின்றார்கள். இரண்டு நாளில் மோட்டார் ஓடியது. நாற்பத்தைந்து பேர் போய் நின்றால் எந்த மோட்டார்தான் ஓடாது!

அப்போதுதான் தேர்தல் வந்தது, கூடவே நோட்டீஸும் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வருகை குறிக்கும் டைம் ஆபீஸ் கதவில் ஒன்றை ஒட்டிவிட்டு, ஆளுக்கு ஒரு அரைத்தாள் கொடுத்தார்கள். “வாக்குப்பதிவு நாளான வியாழக்கிழமை விடுமுறை. அதற்கு ஈடாக அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். இதற்கு எனக்குச் சம்மதம்.” கீழே கையெழுத்துப் போடக் கோடு. திங்கள் பன்னிரண்டு மணிக்குள் போட்டுக் கொடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கினால் யாருக்குத்தான் எரியாது? மெர்சிக்குச் சர்ச். மற்றவர்களுக்குத் துணி, தலைக்கு எண்ணெய், பிள்ளைகளோடு அரை நாள். ஆனால் பூர்ணிமாவுக்கு ஆத்திரம் வந்தது வேறு ஒரு பேச்சால். சாயந்திரம் பஸ்ஸில் நாலைந்து பேர் சர்வசாதாரணமாகச் சொன்னார்கள்: “ஓட்டே வேணாம்பா. வியாழக்கிழமை வேலைக்கே வந்துட்டுப் போலாம். ஞாயித்துக்கிழமையாவது மிஞ்சும்.” அவள் எந்த ஓட்டுக்காக நாலு வருஷமாக மாய்ந்து மாய்ந்து எழுதினாளோ, அதை இவர்கள் துணி துவைக்கிற நாளுக்குக் கொடுத்துவிடத் தயாராக இருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது. அதுதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்து எழுதினாள். தேர்தல் நாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை என்பது சட்டம். அந்த நாளை இன்னொரு நாள் உழைத்துத் திருப்பிக் கொடு என்று சொல்லும் வரி அந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. கையெழுத்துப் போடாதீர்கள். வியாழக்கிழமை போய் ஓட்டுப் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருங்கள். யாராவது மிரட்டினால் புகார் சொல்ல வேண்டிய எண் இது. கம்பெனியின் பெயரை எழுதவில்லை. ஆதாரம் வேண்டுமே என்று அந்த அரைத்தாளைப் போட்டோ எடுத்துச் சேர்த்தாள். ‘ஈடாக’ என்ற வரி கண்ணில் படட்டும் என்று, பையில் கிடந்த பேனாவை எடுத்து அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுத்தான் போட்டோ எடுத்தாள்.

அங்கேதான் கெட்டது காரியம்.

செக்கிங்கில் இருப்பவர்கள் கையில் ஒரு சில்வர் பேனா இருக்கும். ஷூவின் மேல்தோலில் கீறல், சுருக்கம், தையல் விட்ட இடம் எது தெரிந்தாலும் அதைச் சுற்றி வட்டம் போட வேண்டும். யார் பார்த்தது என்று தெரிய வேண்டும் என்பதால் வட்டத்தில் ஆளுக்கு ஒரு அடையாளம் உண்டு. ஒருத்திக்கு நடுவில் புள்ளி, ஒருத்திக்குப் பக்கத்தில் கோடு. பூர்ணிமாவின் வட்டத்துக்கு வலது பக்கம் கீழே ஒரு குட்டி வால். எட்டு வருஷமாக ஒரு நாளைக்கு எழுநூறு தடவை போட்ட கை. யோசித்தா போடும்? தோலில் போட்டால் துணியால் துடைத்ததும் போய்விடும். அந்தப் பழக்கத்தில், அது ஒரு தடயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மெர்சி அதை இரண்டு தடவை படித்தாள்.  எட்டு மணிக்கு எல்லோரும் போனை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். கம்பெனிக்குள் போன் கூடாது என்பது சட்டம். ஒன்பது மணிக்கு மெர்சியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். எந்தப் புண்ணியவான் போய்ச் சொன்னானோ தெரியாது.

பத்து மணி டீ நேரத்தில் விஷயம் லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. மெர்சியின் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு டைம் ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். எழுதுகிறவன் பெயரைச் சொன்னால் உள்ளே, சொல்லாவிட்டால் வீட்டுக்கு. கான்ட்ராக்ட் ஆளுக்கு விசாரணையா, நோட்டீஸா, ஒன்றும் வேண்டாம். நாளையிலிருந்து வராதே என்றால் முடிந்தது.  கையில் இருந்த டீ, யூனிபார்ம் கோட்டில் சிந்தியதுகூடப் பூர்ணிமாவுக்குத் தெரியவில்லை.

பதினொன்றரைக்கு சூப்பர்வைசர் செல்வகுமார் அவள் மேஜைக்கு வந்தார். அவள் வட்டம் போட்டு வைத்திருந்த ஒரு தோலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஹெச்.ஆர். ரூம்ல கம்ப்யூட்டர்ல காட்டினாங்க” என்றார், தோலைப் பார்த்துக்கொண்டே. “போட்டோவ. எட்டு வருஷமா இந்த வாலப் பாத்துட்டிருக்கேன் பூர்ணிமா. எனக்குத் தெரியாதா?”

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். “சொல்லிட்டீங்களா சார்?”

“சொல்லல. எனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு? பன்னெண்டு மணிக்குள்ள அத அழிச்சிடு. லாக்கர் சாவி நான் தர்றேன். பக்கமே காணோம்னா மெர்சிய வுட்ருவாங்க. உன் பேரும் வெளிய வராது. எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வேலையப் பாக்கலாம்.”

கெட்ட மனுஷர் இல்லை செல்வகுமார். பயந்த மனுஷர். அவர் நீட்டிய சாவியை அவள் பார்த்தாள். வாங்கினால் எல்லாமே சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகும், நாலைந்து பேர் ஓட்டும் போகும். போகட்டுமே, உலகமா அழிந்துவிடும்? கை நீண்டதும் உண்மை. ஆனால் மறுநாள் காலையில் மெர்சி பஸ்ஸில் எழுந்து நின்று, போனைத் திறந்து, அங்கே ஒன்றும் இல்லாததைப் பார்த்துவிட்டு அந்த வக்கீலை என்னவென்று நினைப்பாள்? கையை இழுத்துக்கொண்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டு நேரே ஹெச்.ஆர். அறைக்கு நடந்தாள். 

“சார், அத எழுதறது நான்தான்.”

ஹெச்.ஆர். மேனேஜர் சுந்தரமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். அவள் கோட்டைப் பார்த்தார், டீக் கறையைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

“ஏம்மா, அந்தப் பொண்ணக் காப்பாத்த வந்தியா? நல்ல மனசு. போ, போய் வேலையப் பாரு.”

“நான்தான் சார்.”

“சரி, எந்தக் கட்சிக்காரன் எழுதிக் குடுத்தான்? அத மட்டும் சொல்லு. சட்டத்தோட செக்சன் நம்பரெல்லாம் போட்டு எழுதியிருக்கான். நீ எழுதினேன்னு எனக்குக் காது குத்தறியா?”

அதுவரைக்கும் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள் பூர்ணிமா. அந்த ஒரு வார்த்தையில் பயம் போன இடம் தெரியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நாலு வருஷம், அடுப்படியில் நின்று, தேதி தேதியாகக் குறித்து எழுதியதெல்லாம் எவனோ எழுதிக் கொடுத்ததாம்!

“செக்கிங்ல நிக்கறவளுக்கு எழுத வராதா சார்?”

சுந்தரமூர்த்தி நாற்காலியிலிருந்து எழுந்து, கீபோர்டை அவள் பக்கம் தள்ளினார். “அப்ப எழுது. ‘நேற்று எழுதியது தவறான தகவல், மன்னிக்கவும்’னு என் கண்ணு முன்னால எழுது. நீதான்னு நம்பறேன். அந்தப் பொண்ணும் உள்ள போயிடும்.”

அவள் உட்கார்ந்தாள். நோட்டீஸ் அடித்த தமிழ் எழுத்து அதிலேயே இருந்தது. கடவுச்சொல்லைத் தட்டியதும் பக்கம் திறந்தது. சுந்தரமூர்த்தியின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. போன் வந்து அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசிய அந்த மூன்று நிமிஷத்தில் அவள் எழுதி முடித்தாள்.

“இதை எழுதுவது பூர்ணிமா. செக்கிங் செக்சன், மூன்றாவது லைன். நான் வக்கீல் இல்லை. எந்தக் கட்சியும் இல்லை. நோட்டீஸ் அடித்த அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று எழுதியதில் ஒரு சொல்லும் தவறில்லை. அதைப் படித்ததற்காக மெர்சியைக் காலையிலிருந்து வாசலில் உட்கார வைத்திருக்கிறார்கள். இன்று சாயந்திரம் ஆறாம் நம்பர் பஸ்ஸில் படிக்க ஆள் இல்லை. யாராவது படியுங்கள்.”

வெளியிட்டாள். கணக்கிலிருந்து வெளியேறினாள். எழுந்து நின்றாள்.

சுந்தரமூர்த்தி படித்தார். காது மடல் சிவந்தது. கத்துவார் என்று நினைத்தாள், கத்தவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு இருபது.

“போனெல்லாம் லாக்கர்ல இருக்கு. அஞ்சரைக்கு சங்கு ஊதற வரைக்கும் ஒருத்தரும் இதப் பாக்க முடியாது. அஞ்சு மணி நேரம் தர்றேன். வந்து அழிச்சிட்டா ரெண்டு பேரும் உள்ள. இல்லன்னா ரெண்டு பேரும் வெளிய. பாஸக் குடு.”

டைம் ஆபீஸ் பெஞ்சில் மெர்சி அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். பூர்ணிமா பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். மெர்சி நம்பவே இல்லை. நம்பியதும் கோபம் வந்தது.

“நீயா? ஆறு வாரமா என் முன்னாடி உக்காந்து கேட்டுட்டு இருந்தியே! நான் உள்ள போய் சத்துவாச்சாரி வக்கீல்னு சத்தியம் பண்ணிட்டு வந்தேன்க்கா. இப்ப நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடுச்சே.”

“தப்புதான் மெர்சி.”

“அழிச்சிடுக்கா” என்றாள் மெர்சி. “எங்கம்மாவுக்கு என்னய வுட்டா ஆளில்ல. தம்பி திருப்பத்தூர்ல காலேஜ் படிக்கிறான். உனக்கு வூட்டுக்காரர் இருக்காரு. எனக்கு யாரு இருக்காங்க?”

  சாப்பாட்டு மணி அடித்தது, ஓய்ந்தது. வெயில் பெஞ்சின் கால் வரைக்கும் வந்தது. தன்னுடைய வேலையை வைத்துச் சூதாடலாம், இன்னொருத்தி வேலையை வைத்து ஆட இவள் யார்? நாலரை மணி வாக்கில் மனசு உடைந்து எழுந்தாள்.

“போய் அழிச்சிட்டு வர்றேன். நீ அழாத.”

நாலடி போனதும் மெர்சி கூப்பிட்டாள். “இன்னா எழுதின? அதையாவது சொல்லிட்டுப் போ.”

பூர்ணிமா நின்றபடியே மனப்பாடமாகச் சொன்னாள்.  மெர்சி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். ‘ஆறாம் நம்பர் பஸ்ஸில் படிக்க ஆள் இல்லை’ என்ற இடத்தில் உதட்டைக் கடித்தாள்.  பிறகு பூர்ணிமாவின் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருக்கா.”

“உங்கம்மா...”

“உக்காருன்னு சொல்றேன் இல்ல.”

அந்த ஒரு மணி நேரத்தை இருவரும் எப்படித் தள்ளினார்கள் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். சுந்தரமூர்த்தி மூன்று தடவை டைம் ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னால் வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை மெர்சி, பூர்ணிமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. லாக்கர்கள் படபடவென்று திறந்தன. ஒன்பது பஸ்ஸும் உறுமிக்கொண்டு நின்றன. பெண்கள் பெஞ்சைப் பார்த்துக்கொண்டே போனார்கள். செக்யூரிட்டி நிற்பதால் யாரும் பேசவில்லை. சிலர் பஸ்ஸில் ஏறியும்விட்டார்கள். அவ்வளவுதான், ஒருத்தரும் பார்க்கவில்லை என்று பூர்ணிமா நினைத்தாள்.

ஆறாம் நம்பர் பஸ் படிக்கட்டில் பக்ருன்னிசாம்மா நின்றுகொண்டிருந்தாள். போனை எட்ட வைத்து, கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்கும் நகர்த்தி, எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவள் படித்தது உருதுப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து கடைப் பலகை பார்த்துக் கற்றுக்கொண்டது.

“இ... தை... எழுதுவது... பூ... பூர்... யா அல்லா! பூர்ணிமாவா?”

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் இறங்கினார்கள். ஏழாம் நம்பரிலிருந்து ஒருத்தி ஓடிவந்தாள். அப்புறம் மூன்றாம் நம்பர், எட்டாம் நம்பர். டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள், யாரும் ஏறவில்லை. ஒரு கோஷம் இல்லை, ஒரு கை தூக்கல் இல்லை. நானூறு பெண்கள் சாப்பாட்டுப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு டைம் ஆபீஸைப் பார்த்து நின்றார்கள், அவ்வளவுதான்.

சுந்தரமூர்த்தி மேலதிகாரியைக் கேட்க மாடிக்குப் போனார், இறங்கி வந்தார். கதவில் ஒட்டியிருந்த நோட்டீஸை அவரே கிழித்தார். “ஞாயிற்றுக்கிழமை லீவு. வியாழக்கிழமையும் லீவு. போதுமா? கிளம்புங்க.” மெர்சியின் கேட் பாஸை பெஞ்சில் வைத்தார். இன்னொரு பாஸ் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. “இந்தம்மா மேல விசாரணை இருக்கு.”

எதிர்பார்த்ததுதான். பூர்ணிமா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “ஏறுங்கம்மா” என்றாள் கூட்டத்தைப் பார்த்து. “வேலை முடிஞ்சிடுச்சு. வூட்ல புள்ளைங்க காத்துட்டு இருப்பாங்க. ஏறுங்க.”

யாரும் நகரவில்லை.

“இன்னும் ஒரு பாஸ் வரணும் சார்” என்றாள் பக்ருன்னிசாம்மா. சண்டை போடுகிற குரலே இல்லை அது, மளிகைக் கடையில் விட்டுப்போன சாமானைக் கேட்கிற குரல்.

சுந்தரமூர்த்தி கூட்டத்தைப் பார்த்தார், மறுபடியும் மாடிப்படி ஏறினார். அவர் எப்போது இறங்குவார், என்ன கொண்டு வருவார் என்று யாருக்கும் தெரியாது. ஆறாம் நம்பர் டிரைவர் கொட்டாவி விட்டுக்கொண்டு இன்ஜினை அணைத்தார். அதைப் பார்த்து அடுத்தவர், அப்புறம் அதற்கடுத்தவர். ஒன்பது பஸ்ஸும் ஓய்ந்தன. இவ்வளவு பேர் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைத் தாங்க முடியாமல் பூர்ணிமா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மெர்சி பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ் படிக்கட்டில் ஏறினாள். பக்ருன்னிசாம்மாவின் கையிலிருந்து போனை வாங்கினாள். “குடுங்கம்மா, பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல” என்று சொல்லிவிட்டு, எல்லா பஸ்ஸுக்கும் கேட்கிற மாதிரி, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்:

“இதை எழுதுவது பூர்ணிமா.”